சந்தா வெனெரா கடலுக்குப் போய் வந்தது

முதலில் கேட்டது மணிச் சத்தம். நாங்கள் ஒரு மலைமுடக்கைக் கடந்து இறங்கும்போது பின்னால் எங்கேயோ ஒரு மணி ஒருதரம் ஆடி ஓய்ந்தது, அடுத்த முடக்கில் மறுபடியும் ஆடியது, அதற்கடுத்த முடக்கிலும் ஆடியது. ஆட்டு மணி என்றார் ஒருவர். ஆட்டு மணிக்கு இவ்வளவு பெரிய தொண்டை ஏது என்றார் இன்னொருவர். பின் சீற்றில் நித்திரையாய்க் கிடந்தவர் கண்ணைத் திறக்காமலே, மணி எங்களோடுதான் வருகிறது, கேட்டுப் பாருங்கோ, தூரம் கூடவும் இல்லை குறையவும் இல்லை என்றார்.

வானுக்குள் சாரதியோடு ஒன்பது பேர் இருந்தோம். ஒன்பது பேரும் பலெர்மோவில் மற்றவர்களின் மாடிப்படிகளைக் கழுவுகிறவர்கள், மற்றவர்களின் தகப்பன்மாருக்குப் பக்கத்தில் இரவிரவாய்க் கதிரையில் இருந்து விடியப் பண்ணுகிறவர்கள். இருபது வருசம் இந்த நாட்டில் இருந்து நாங்கள் பார்த்தது என்னவென்று யாராவது கேட்டால், சலவைக்கல்லின் நிறங்களைச் சொல்லலாம், எந்தக் கறைக்கு எந்தப் போத்தல் என்று சொல்லலாம், விடிய நாலு மணிக்கு வேலை முடிந்து வரும்போது தெருவிளக்கு எப்படி மஞ்சளாய் இருக்கும் என்று சொல்லலாம், அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை. ஆவணி விடுமுறைக்கு எங்கள் எசமான்கள் எல்லாரும் வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்ட ஒரு வெள்ளிக்கிழமை, வான் வைத்திருக்கும் பத்மசீலன் ஒரு தாளில் தமிழில் அச்சடித்துக் கொண்டுவந்து தந்தார். வெள்ளி: மொந்தெசொலா கோட்டையும் கோயிலும், பின்னேரம் பியெத்ராமாரா கோட்டை. சனி: பட்டணத்துப் பெரிய கோயில், கடல். ஞாயிறு: வீடு. கீழே, புட்டும் சம்பலும் அவரவர் பொறுப்பு என்று எழுதியிருந்தது.

சீலன் கண்ணாடியைப் பார்த்தார். கண்ணாடியை ஒருதரம் துடைத்தார். பிறகும் பார்த்தார்.

"பின்னால ஒரு கோயில் வருது," என்றார்.

முன் சீற்றில் புட்டுப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டிருந்த மனோரஞ்சிதம் அக்கா திரும்பவில்லை. எங்கள் கூட்டத்தில் வயதிலும் வாயிலும் மூத்தவர் அவர். "எந்தக் கோயில்?"

"காலமை பாத்தமே மொந்தெசொலாவில, அந்தச் சின்னக் கோயில்தான்."

"அதுக்கு என்ன அவசரமோ தெரியாது. கரையில எடுத்து விடுங்கோ, முந்திப் போகட்டும்."

சீலன் சிக்னலைப் போட்டு, அலரிப் பற்றைகளோடு ஒட்டி நிறுத்தி, கையை வெளியே நீட்டிப் போ போ என்று காட்டினார். கோயில் போகவில்லை. அதுவும் கரை எடுத்து, எங்களுக்குப் பத்து யார் தூரம் பின்னால், மரியாதை தெரிந்த ஆள் வரிசையில் நிற்பதுபோல நின்றுகொண்டது. தேன்நிறக் கல்லில் கட்டிய கோயில். ஒரே ஒரு மணிக்கூண்டு, வாசலுக்கு மேல் 1611 என்று வெட்டிய எழுத்து, கூரை ஓட்டில் முளைத்த இரண்டு கள்ளிச் செடி. முடக்குகளில் உரசியதில் இடது சுவரில் கொஞ்சம் அலரிப்பூ ஒட்டியிருந்தது. மணி இன்னொருதரம் ஆடி நின்றது.

கதவைத் திறந்துகொண்டு ஒரு பெண் இறங்கினாள். ஐம்பத்தைந்து வயது இருக்கும், ஏப்ரன் கட்டியிருந்தாள், தலையெல்லாம் தூசு, கையில் கூட்டுகிற தும்புத்தடி.

"என்ர கல்லை எடுத்தது ஆர்?"

அவள் கேட்டது அந்த மலைப் பேச்சில். நாங்கள் அதை எங்கள் தமிழில்தான் கேட்டோம், அப்படித்தான் இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. சீலன் சீற்றுக்குக் கீழே குனிந்து, பழைய பேப்பரில் சுற்றியிருந்த ஒரு கல்லை எடுத்தார். ஆப்புப்போலச் சரிந்த கல், ஒரு பக்கம் தேய்ந்து மினுங்கியது.

நடந்தது இதுதான். காலையில் மொந்தெசொலாச் சரிவில் வானை நிறுத்தியபோது, கைப்பிரேக்கை நம்பாத சீலன் கோயில் மூலையில் கிடந்த அந்தக் கல்லை எடுத்துப் பின்சில்லுக்கு அண்டை கொடுத்தார். வெளிக்கிடும்போது கல்லை றோட்டில் விட்டுவிட்டுப் போனால் பின்னால் வருகிற மோட்டார்சைக்கிள்காரன் விழுந்துபோவான் என்று, எங்கள் ஊரில் லொறி ஓடிய எவரும் செய்வதுபோல, எடுத்து உள்ளே போட்டுக்கொண்டார். வானைத் திருப்ப வேறு இடம் இல்லாமல் கோயிலைச் சுற்றி வந்தபோது, ஒருதரம் சுற்றுகிறது கூடாது, சுற்றினால் மூன்றுதரம் என்று மனோரஞ்சிதம் அக்கா சொன்னார். மூன்றுதரம் சுற்றினோம். சில்லுக்கட்டையை எடுத்துவிட்டு மூன்று சுற்றும் சுற்றிவிட்டு முன்னால் ஒரு வாகனம் இறங்கிப் போனால், நானூறு வருசமாய் ஓரிடத்தில் நின்ற ஒரு கட்டிடம் அதை என்னவென்று எடுத்துக்கொள்ளும்? வெளிக்கிட்டு வந்துவிட்டது.

"என்ர பிழைதான், சிஞோரா," என்றார் சீலன்.

அவள் பெயர் நுன்சியா. அந்தக் கோயிலின் சாவி அவளிடம் இருந்தது, அவளுக்கு முதல் அவளுடைய தாயிடம் இருந்தது. மொந்தெசொலாவில் இப்போது பதினொரு பேர், அவளையும் சேர்த்து. காலையிலும் மத்தியானத்திலும் பின்னேரத்திலும் மணி அடிப்பது, பீடத்துத் துணி தோய்ப்பது, வெள்ளிக்கிழமையில் கூட்டுவது என்று முப்பத்தொரு வருசம் போயிருந்தது. இன்றைக்கும் பீடத்தடியில் இருந்து தொடங்கி, சனம் இருக்கிற மூன்றாவது வாங்குவரை கூட்டிக்கொண்டு வந்தபோதுதான் ஜன்னலுக்கு வெளியே மரங்கள் நகரத் தொடங்கினவாம்.

"ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கு மொன்சிஞோர் வாறார்," என்றாள். "ஆயர் அனுப்புற ஆள். எங்கட கோயில் பாவனையில இருக்கோ, சனம் வருதோ இல்லையோ எண்டு பாக்க. ஒன்பதுக்கு மணி கேக்காட்டிப் பூட்டிப்போட்டுச் சாவியை வாங்கிக்கொண்டு போயிடுவினம். நீங்கள் கோயிலையே கொண்டு வந்திட்டியள்."

சாவி அவள் கழுத்தில் ஒரு கயிற்றில் கிடந்தது. ஒரு சாண் நீளச் சாவி. பேசும்போது அதைப் பிடித்துக்கொண்டே பேசினாள்.

"நான் கொண்டுவந்து விடுறன்," என்றார் சீலன்.

இறங்கிப்போய்க் கோயிலின் நீளத்தைக் காலால் அளந்தார், றோட்டின் அகலத்தை அளந்தார், பள்ளத்தை எட்டிப் பார்த்தார், லொறி பார்க்கிற கண்ணோடு நாலு மூலையும் பார்த்துவிட்டு வந்தார். "என்ர வானுக்கே றிவேர்ஸ் ஒழுங்கா விழாது. இதுக்கு றிவேர்ஸே இல்லை. கடற்கரை மட்டும் போனாத்தான் திருப்ப இடம் கிடைக்கும். நாளைக்குப் பின்னேரம் அங்க நிப்பம். திருப்பினா ஞாயிறு விடிய மலையடி. ஒன்பதுக்கு முதல் ஏத்திவிடலாம்."

"கடற்கரையோ," என்றாள் நுன்சியா, கேள்விப்பட்ட ஏதோ மருந்தின் பெயரைச் சொல்வதுபோல. மொந்தெசொலாவில் இருந்து மழை பெய்து வெளித்த நாட்களில் கடல் ஒரு கோடாகத் தெரியும். தாய் பதினொரு வருசம் படுக்கையில் கிடந்தாள், அதற்குப் பிறகு மணி இருந்தது. கோட்டுக்குக் கிட்டப் போக அவளுக்கு வாய்க்கவில்லை.

"வானில ஏறுங்கோ, சிஞோரா," என்றோம்.

"அப்ப கோயிலை ஆர் பாக்கிறது?" என்று கேட்டுவிட்டு அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அப்படி எங்கள் சுற்றுலா நடந்தது. முன்னால் வான், பின்னால் சந்தா வெனெரா; கோயிலுக்கும் உள்ளே நின்ற புனிதைக்கும் அதுதான் பெயர். பியெத்ராமாராவில் கோட்டைக் காவலாளி நான்கு மீற்றருக்கு மேல் உயரமான வாகனம் உள்ளே வரக்கூடாது என்ற பலகையைக் காட்டி, பஸ் எல்லாம் சேமக்காலைக் கல்லறைகளுக்குப் பக்கத்தில் நிற்கிறது, இதுவும் அங்கே போகட்டும் என்றார். கோயில் போய் இரண்டு ஜெர்மன் பஸ்களுக்கு நடுவில் நின்று, அங்கிருந்தபடியே கோட்டையைப் பார்த்தது. பார்த்தது என்றுதான் சொல்லவேண்டும், வாசல் கதவு கோட்டைப் பக்கமாய் அகலத் திறந்திருந்தது. நாங்களும் பார்த்தோம். எழுநூறு வருசத்துக் கோட்டை, அதன் படிகளைப் பார்த்ததும் மனோரஞ்சிதம் அக்கா முதல் சொன்னது, "உதை ஆரோ தண்ணி காணாமல் கழுவியிருக்கினம்."

ஊர்ப்பெண்கள் வந்தார்கள். யாரும் கோயில் எப்படி வந்தது என்று கேட்கவில்லை. சந்தா வெனெராவின் சட்டையில் மடிப்பு சரியாக விழவில்லை என்றும், மெழுகு உருகி வழிந்ததை ஏன் சுரண்டவில்லை என்றும், எங்கள் ஊரில் பூவை இப்படி வைக்கமாட்டோம் என்றும் சொன்னார்கள். சொன்னதோடு நிற்காமல் ஒருத்தி வீட்டுக்குப் போய் இஸ்திரிப்பெட்டி கொண்டுவந்தாள். ஒரு பெடியனும் பெட்டையும் கைகோத்துக்கொண்டு வந்து, பெரிய கோயிலில் கலியாணத்துக்கு அடுத்த வைகாசிவரை இடம் இல்லையாம், இது எத்தனை நாள் நிற்கும் என்று கேட்டார்கள். நுன்சியா வாசலில் தும்புத்தடியோடு நின்று எல்லாருக்கும் மறுமொழி சொன்னாள். முப்பத்தொரு வருசத்தில் அவ்வளவு சனத்துக்கு அவள் வாய் திறந்ததில்லை என்பது முகத்தில் தெரிந்தது. கன்னம் சிவந்திருந்தது.

அன்று பின்னேரம் மொந்தெசொலாவில் இருந்து போன் வந்தது. தூரி என்ற ஆட்டுக்காரர், பதினொருவரில் ஒருவர். நுன்சியா போனை எல்லாரும் கேட்கும்படி பிடித்துக்கொண்டாள்.

"நுன்சியா, அவசரப்படாத," என்றார் தூரி. "இஞ்ச நல்ல காத்து. கோயில் நிண்ட தரை மட்டும் இருக்கு, நாங்கள் அவரவர் இடத்தில போய் நிண்டு செபம் சொன்னனாங்கள். தூண் இல்லாதபடியா பூசை வைக்கிற சுவாமியாற்ற முகம் தெரிஞ்சுது. இவ்வளவு காலமும் அவருக்கு மீசை இருக்கெண்டே எனக்குத் தெரியாது."

"மணி?"

"மணிக்கென்ன. பெப்பினா சட்டியைத் தட்டினவள்."

நுன்சியா போனை மடித்து ஏப்ரன் பைக்குள் போட்டாள். மனோரஞ்சிதம் அக்கா ஒரு தட்டில் புட்டும் கட்டைச் சம்பலும் வைத்து நீட்டினார். உறைப்பில் அவளுக்குக் கண்ணீர் வந்தது. சம்பலின் கணக்கில் எவ்வளவு, மற்றதின் கணக்கில் எவ்வளவு என்று நாங்கள் கேட்கவில்லை. எங்கள் வீட்டிலும் போன் வரும். அவசரப்படாதே, இங்கே எல்லாம் நல்லபடி நடக்குது என்று அங்கிருந்து ஒரு குரல் சொல்லும். கேட்டுவிட்டு நாங்களும் அப்படித்தான் சாப்பிட்டிருக்கிறோம்.

சனிக்கிழமை காலை பட்டணத்துப் பெரிய கோயில். இரண்டு கோபுரம், மூன்று வாசல், பொன் பூசிய கூரை. அதற்கு முன்னால் சந்தா வெனெரா சதுக்கத்துக்குள் வரவில்லை. மருந்துக்கடை மூலையில் பாதி மறைந்து நின்றது, புதுச்சட்டை இல்லாமல் கலியாணவீட்டுக்கு வந்துவிட்ட ஆள்போல. நாங்கள் உள்ளே போய்ப் பொன்னைப் பார்த்துவிட்டு வெளியே வந்தபோது அதற்குப் பக்கத்தில் போய் நிற்கவேண்டும்போல இருந்தது, போய் நின்றோம். அந்த மாதிரி வீட்டு வாசல்களில் நாங்களும் மூலையில்தான் நின்று மணி அடித்திருக்கிறோம். சீலன் கையால் சுவரைத் தட்டி, "வா, கடலுக்குப் போவம்," என்றார்.

பின்னேரம் மூன்று மணிக்குக் காலாபியாங்காவில் கோயில் மணலில் இறங்கியது. மீன்பிடி ஊர், அன்றைக்குக் குளிக்க வந்த சனம் நிறைந்து கிடந்தது. கோயில் வந்து நின்றதும் முதலில் நிழல் விழுந்தது, நிழல் விழுந்ததும் சனம் பாயையும் குடையையும் இழுத்துக்கொண்டு நிழலுக்குள் வந்தது. ஐந்து மணிக்கு எலுமிச்சை ஐஸ் வண்டிக்காரன் அதை வழக்கமான இடமாக்கிக்கொண்டான். பெண்கள் பாவசங்கீர்த்தனக் கூட்டுக்குள் போய் நனைந்த உடுப்பு மாற்றினார்கள், வெளியே வரும்போது சிலுவை போட்டுக்கொண்டார்கள். நகரசபைப் பொலிஸ்காரன் ஒருவன் வந்து சுற்றிப் பார்த்து, தடைசெய்த இடத்தில் நிறுத்தியதாக ஒரு துண்டு எழுதினான். வாகன வகை என்ற இடத்தில் 'மற்றவை' என்று போட்டான். இலக்கம் என்ற இடத்தில் அண்ணாந்து பார்த்து 1611 என்று போட்டான். கதவில் செருகிவிட்டு, தொப்பியைக் கழற்றி உள்ளே போய்க் கொஞ்சநேரம் முழங்காலில் இருந்துவிட்டுப் போனான்.

நுன்சியா சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு தண்ணீர் விளிம்பில் இருந்தாள். அலை வந்தபோது காலை இழுத்தாள். அடுத்த அலைக்கு இழுக்கவில்லை. ஒவ்வொரு அலையும் திரும்பிப் போகும்போது காலடியில் இருந்து கொஞ்சம் மணலை உருவிக்கொண்டு போகிறதை, யாரோ பாயை மெல்ல இழுப்பதைப்போல, அவள் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். ஆறு மணிக்குச் சீலன் வானை மணல்வெளியில் அகலமாய் ஒரு வட்டமடித்து மலைப்பக்கம் முகம் திருப்பி நிறுத்தினார். கோயிலும் வட்டமடித்தது, அலை நுரையில் ஒரு மூலை நனைந்தது, திரும்பி வானுக்குப் பின்னால் நின்றது. சீலன் ஹோர்ன் அடித்துவிட்டு இருபது யார் தூரம் முன்னால் போனார். கோயில் அசையவில்லை. இன்னும் இருபது யார் போனார். அசையவில்லை.

"ஆள் ஏறாமல் அது எப்பிடி வெளிக்கிடும்," என்றார் மனோரஞ்சிதம் அக்கா. அவர் போய் நுன்சியாவுக்குப் பக்கத்தில், சீலையை முழங்கால்வரை தூக்கிக்கொண்டு, தண்ணீருக்குள் இருந்தார்.

"சிஞோரா, நேரமாகுது."

"நிக்கட்டும்," என்றாள் நுன்சியா. "இஞ்ச சனம் இருக்கு. நீயும் பாத்தனிதானே. ஐஸ் நக்கிக்கொண்டெண்டாலும் உள்ளுக்கு வருகினம். அங்க பதினொரு பேர். நான் இல்லாட்டிப் பத்து. அந்தப் பத்துக்கும் சட்டி காணுமாம்."

"மொன்சிஞோர் சாவியைக் கேப்பாரெண்டு சொன்னியள்."

"கேக்கட்டும். குடுப்பன்." சொன்னவளின் கை சாவியை விடவில்லை.

மனோரஞ்சிதம் அக்காவுக்குச் சமாதானம் சொல்லத் தெரியாது. "நான் பதினாறு வருசம் ஒரு கிழவரைப் பாத்தனான்," என்றார். "நாலாம் மாடி. அவர் செத்த அண்டைக்கு மகள் வந்து, இனி நாங்கள் சமாளிப்பம், நீ போகலாமெண்டு சொன்னவள். நல்ல மரியாதையாத்தான் சொன்னவள். கீழ இறங்கிப் படியில இருந்திட்டன். போறதுக்கு இடமில்லாமல் இல்லை. எழும்பத்தான் ஏலாமல் இருந்தது."

"பிறகு?"

"படி ஊத்தையா இருந்தது. துடைச்சுப்போட்டுப் போனனான்."

நுன்சியா சிரித்தாள். இரண்டு பேரும் கடலைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். வெயில் சாய்ந்தது, சனம் பாயை உதறி மடித்தது. சீலன் வானுக்குப் பக்கத்தில் நின்று, கையில் அந்தக் கல்லை வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். கொண்டுவந்து விடுகிறேன் என்று சொன்னது அவர்தான் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். கோயில் பூட்டுப்பட்டதுக்கு அவர்தான் காரணம் என்று ஒரு மலை முழுக்க அவரைப் பார்க்கும் என்பதும் தெரியும்.

ஏழரைக்கு மறுபடியும் போன். தூரியின் குரல் நேற்றைப்போல இல்லை.

"நுன்சியா, எப்ப வாறாய்? இஞ்ச ஒரே சண்டை."

"என்ன சண்டை? நல்ல காத்தெண்டாய்."

"நாளைக்கு மொன்சிஞோர் வாறாரெண்டு தரையைக் கூட்டத் தொடங்கினம். ஒவ்வொருத்தர் ஒவ்வொரு பக்கத்தால. பெப்பினா வாசல்ல இருந்து பீடத்துக்குக் கூட்டிக்கொண்டு போறாள். நான் வேண்டாமெண்டால் என்னோட சண்டைக்கு வாறாள்."

நுன்சியா எழுந்து நின்றாள். "வாசல்ல இருந்து பீடத்துக்கோ? ஊத்தையைச் சந்தா வெனெரா நிக்கிற இடத்துக்கோ?"

"குவிச்சும் வைச்சிட்டாள்."

"தொடாதேங்கோ! ஒருத்தரும் தொடாதேங்கோ! பெப்பினாவிட்டச் சொல்லு, தும்புத்தடியைக் கீழ வைக்கச் சொல்லு. பீடத்தில இருந்து வாசலுக்கு, வாசல்ல இருந்து வெளியால! முப்பத்தொரு வருசம் கண்ணுக்கு முன்னால கூட்டியிருக்கிறன், ஒருத்தரும் பாக்கேல்லையோ?"

"நீ கூட்டேக்க ஆர் பாத்தது," என்றார் தூரி, பாவம், உண்மையைச் சொல்கிற குரலில். "கூட்டியிருக்கும். அதைத்தான் பாத்தம்."

அவள் சப்பாத்தைப் போடவே இல்லை. ஈரக்காலோடும் மணலோடும் ஓடிப்போய்க் கோயிலுக்குள் ஏறினாள். மணி ஆடியது. கோயில் வெளிக்கிட்டது. அதற்குள் உடுப்பு மாற்றிக்கொண்டிருந்த ஒரு பெண் அவசரமாய் இறங்கினாள். நடந்ததை எல்லாம் பார்த்துக்கொண்டிருந்த மீன்பிடிகாரர் நாலு பேர், மலையடியில் கயிறு தேவைப்படும் என்று தாங்களாகவே சொல்லி, வலைக்கயிற்றைச் சுருட்டி எங்கள் வானின் கூரையில் போட்டு, இருக்க இடமில்லாமல் கோயிலில் ஏறிக்கொண்டார்கள்.

அவர்கள் சொன்னது சரி. இறங்கும்போது உருண்டு வந்த கோயில், ஞாயிறு விடிய மொந்தெசொலா மலையடியில் நின்றுவிட்டது. கடைசி இரண்டு கிலோமீற்றர் செங்குத்து. மேலே இருந்து பத்துப் பேரும் இறங்கி வந்தார்கள், உடுப்புக் காயப்போடும் கயிறுகளோடு. தூரியின் உழவு மெஷின் ஸ்ரார்ட் ஆகவில்லை, அது ஒருநாளும் ஆனதில்லையாம், அன்றைக்காவது ஆகும் என்று நினைத்தாராம்.

வலைக்கயிற்றை மணிக்கூண்டில் ஒருதரம் சுற்றி, வாசல்தூண் இரண்டிலும் முடிந்து, இரண்டு வடமாய் முன்னால் போட்டோம். வலது வடம் நாங்கள், இடது வடம் அவர்கள் என்று யாரும் சொல்லவில்லை, சொல்லவும் தேவைப்படவில்லை, ஆள் கலந்துதான் பிடித்தது. சீலன் வடம் பிடிக்கவில்லை. கல்லை எடுத்துக்கொண்டு கோயிலின் பின்மூலைக்குப் போனார். தேருக்குக் கட்டை போடுகிறவனுக்குக் கண் ஓரிடத்தில் இருக்கவேண்டும், கை இன்னோரிடத்தில் இருக்கவேண்டும். கட்டை பிந்தினால் தேர் பின்னுக்கு வரும், முந்தினால் விரல் போகும். "இழு!" என்று அவர் பின்னால் இருந்து கத்தினார். நாங்கள் அரோகரா என்றோம், அவர்கள் வீவா சந்தா வெனெரா என்றார்கள், பாதி மலை ஏறுவதற்குள் யார் எதைச் சொல்கிறார் என்று தெரியாமல் போய்விட்டது. மீசை வைத்த சுவாமியார் அரோகரா என்றார். பெப்பினா யாரோடும் கதைக்காமல் கோபமாய் இழுத்தாள், எல்லாரையும்விட நன்றாய் இழுத்தாள்.

ஆறாவது முடக்கில் கோயில் அசைய மறுத்தது. இழுத்த இழுப்பில் கயிறு முறுகியது, சீலன் கல்லைப் பிடித்தபடியே தோளையும் சுவருக்கு முட்டுக்கொடுத்து நின்றார். அவர் சேட்டின் முதுகு கிழிந்தது. "கல் வழுக்குது," என்று கத்தினார். "கனநேரம் பிடிக்கேலாது!" மணி எட்டரை.

நுன்சியா உள்ளே நின்றாள். சந்தா வெனெராவின் சுரூபத்தை ஒரு கையாலும் மெழுகுதிரித்தண்டை மறு கையாலும் விழாமல் பிடித்துக்கொண்டு நின்றாள். கதவுக்குள்ளால் எங்களைப் பார்த்தாள். பிறகு சுரூபத்தின் தோளில் இருந்து கையை எடுத்தாள், அது விழுகிறதா என்று ஒரு கணம் பார்த்தாள், விழவில்லை. இறங்கி வந்து, மனோரஞ்சிதம் அக்காவுக்கு முன்னால், வெறுங்காலோடு வடத்தைப் பிடித்தாள். அவள் தன் கோயிலுக்கு முதுகு காட்டி நின்றது அன்றைக்குத்தான்.

"இழு!"

கோயில் எழுந்து வந்தது.

எட்டு ஐம்பதுக்கு அது தன் தரையில் ஏறி அமர்ந்தது. பழைய இடத்தில்தான், ஆனால் ஒரு சாண் திரும்பி, கடல் கோடாய்த் தெரியும் பக்கத்துக்கு முகத்தைக் கொஞ்சம் கொடுத்து அமர்ந்தது. திருத்த நேரம் இல்லை. சீலன் முழங்காலிட்டுக் கல்லை மூலையில் வைத்து, உள்ளங்கையால் இரண்டுதரம் தட்டி, இன்னொருதரமும் தட்டினார். ஒன்பதுக்கு நுன்சியா மணிக்கயிற்றைப் பிடித்தாள்.

மொன்சிஞோர் காரில் இருந்து இறங்கும்போது மணி அடித்துக்கொண்டிருந்தது. அவர் மெலிந்த மனிதர், கையில் ஒரு படிவம். உள்ளே ஊராட்கள் பதினொரு பேர், நாங்கள் ஒன்பது பேர், மீன்பிடிகாரர் நாலு பேர், துண்டுக்கு மறுமொழி வராதபடியால் நேரே கேட்க வந்த அந்தப் பொலிஸ்காரன் ஒருவன். இத்தனை பேரை அவர் எதிர்பார்க்கவில்லை. எண்ணினார், மறுபடி எண்ணினார். வெளியே போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார்.

"கோயில் கொஞ்சம் திரும்பினமாதிரி இருக்கே?"

"மொன்சிஞோர்," என்றார் தூரி, "நீங்கள்தான் இஞ்சால வந்து கனகாலம்."

அவர் படிவத்தில் 'பாவனையில் உள்ளது' என்ற இடத்தில் கோடு போட்டார். நுன்சியாவின் கழுத்தில் கிடந்த சாவியைப் பார்த்தார், கை நீட்டவில்லை. போகும்போது வாசலில் நின்று சப்பாத்தைத் தூக்கிப் பார்த்தார். "இந்த மணல்?"

"கூட்டிப்போடுறன்," என்றாள் நுன்சியா.

அவருடைய கார் மலை இறங்கிய சத்தம் ஓய்ந்தது. பிறகு மனோரஞ்சிதம் அக்கா சீலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு எழும்பினார், அவரோடு நாங்களும் எழும்பினோம், கை தானாகவே வாளி இருக்கிற மூலையைத் தேடியது. பழக்கம். ஒரு மணி நேரத்தில் கூரைவரை மினுக்கிவிடுவோம்.

"இருங்கோ," என்றாள் நுன்சியா.

"ஒன்பது பேர் இருக்கிறம், கெதியா முடியும்," என்றார் மனோரஞ்சிதம் அக்கா.

"இருங்கோ எண்டு சொன்னனான். நான் கூட்டுவன்."

இருபது வருசத்தில் இந்த நாட்டில் யாரும் எங்களுக்கு அதைச் சொன்னதில்லை. வாங்குகளில் போய் இருந்தோம், கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டு. அவள் சாத்திவைத்த இடத்தில் இருந்து தும்புத்தடியை எடுத்தாள். பீடத்தைப் பார்த்தாள், வெள்ளிக்கிழமை விட்ட மூன்றாவது வாங்கைப் பார்த்தாள், அங்கிருந்து வாசல் பக்கமாய்க் கூட்டத் தொடங்கினாள். பெப்பினா தலையைத் திருப்பி, அந்தத் தடி எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். மணலும் அலரிப்பூவும் சேர்ந்து சரசரவென்று எங்கள் பக்கமாய் வந்தன. தும்புத்தடி எங்கள் வாங்கடிக்கு வந்ததும் நாங்கள் ஒன்பது பேரும் காலைத் தூக்கிக்கொண்டோம்.